டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையால் புராஸ்டேட் புற்றுநோய் வருமா? – வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

சென்ற இதழில் ஆண்களின் ஹார்மோன் குறைபாட்டைப் பற்றி நான் எழுதிய சில வரிகளுக்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சிகிச்சையாக எடுத்தால் புராஸ்டேட் புற்றுநோய் வந்துவிடுமோ என்ற ஒரே அச்சத்தையே பேசுகின்றன. பல கடிதங்களில் பெயர் இல்லை. சிலவற்றை மனைவியோ மருமகளோ எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே வாய்விட்டுப் பேசப்படாத விஷயம் என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கி, ஐந்து கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஓராண்டாக உடலில் வலுவே இல்லை. தாம்பத்தியத்தில் நாட்டமும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் 212 என்று வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார் மருத்துவர். என் சகலையோ, அந்த ஊசி போட்டால் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்துவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், தஞ்சாவூர்

உங்கள் சகலை சொல்வது அவர் கற்பனை செய்த ஒன்றல்ல. நான் மருத்துவம் படித்த காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டோம். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் பாதையைச் சூழ்ந்து, ஏறத்தாழ ஒரு பெருநெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. அது வளர்வதற்கு ஆண் ஹார்மோன் தேவை. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய மாணவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை பரவிய நோயாளிகளுக்கு விதைகளை அகற்றினாலோ பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ நோய் அடங்குவதைக் கண்டறிந்தார்கள். இரத்தத்தில் உள்ள அமில பாஸ்படேஸ் என்னும் நொதியின் அளவை வைத்து நோயின் ஏற்ற இறக்கத்தை அவர்கள் கணித்தார்கள். வலியால் துடித்துக்கொண்டிருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தார்கள். மருத்துவ வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று அது. ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றதும் அதற்காகத்தான்.

அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் இருந்தது: டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டால் புற்றுநோய் வேகமெடுக்கிறது என்பது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகெங்கும் மருத்துவர்களை ஆட்டிப்படைத்தது இந்த ஒரு வரிதான். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆபிரகாம் மார்கன்டேலர் என்னும் சிறுநீரியல் நிபுணர் ஒருநாள் அந்த மூலக் கட்டுரையைத் தேடி எடுத்து வரிக்கு வரி படித்தார். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவருடைய முடிவுகள்தாம் கட்டுரையில் தரப்பட்டிருந்தன. அந்த இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே விதைகள் அகற்றப்பட்டிருந்தன. ஆகவே, இயல்பான ஹார்மோன் நிலையில் இருக்கும் மனிதனுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் புற்றுநோய் பெருகும் என்ற நம்பிக்கை முழுவதும் ஒரே ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனையைத் தாங்கி நின்றது. இதை 2006இல் அவர் எழுதி வெளியிட்டபோது படித்த நான், நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியானால் ஹக்கின்ஸ் கண்டது பொய்யா? இல்லை. ஹார்மோனை முற்றிலும் எடுத்துவிட்டால் புற்றுநோய் சுருங்குகிறது என்பது இன்றும் உண்மைதான். ஆனால் எடுத்தால் சுருங்குவதாலேயே கொடுத்தால் பெருகும் என்று முடிவு கட்டிவிட முடியாது. நீங்கள் காவிரிப் பாசன ஊர்க்காரர் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: தரை வெடித்துக் கிடக்கும் வயலுக்கு நீர் பாய்ச்சினால் பயிர் நிமிர்கிறது, நீரை நிறுத்தினால் வாடுகிறது. ஆனால் வேண்டிய அளவு நீர் நிற்கும் வயலில் மேலும் மடையைத் திறந்துவிட்டால், மிகுதி நீர் வரப்பு வழிந்து போகுமே தவிர, பயிர் அதற்கேற்ப உயர்ந்துவிடுவதில்லை. புராஸ்டேட் செல்களில் ஆண் ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் ஓர் எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு (100 மி.லி.) ஏறத்தாழ 250 நானோகிராம் என்ற அளவை எட்டும்போது அந்த ஏற்பிகள் பெரும்பாலும் நிரம்பிவிடுகின்றன. அதற்கு மேல் அது 400 ஆனாலும் 700 ஆனாலும் புராஸ்டேட்டைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு இல்லை. மார்கன்டேலரும் அப்துல்மஜீத் டிரைஷும் முன்வைத்த இந்த விளக்கத்தைச் செறிவுநிலைக் கோட்பாடு என்கிறோம்.

கோட்பாடு இருக்கட்டும், மனிதர்களிடம் கண்டது என்ன? 2008இல், பல நாடுகளில் நடந்த 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, புராஸ்டேட் புற்றுநோய் வந்த 3,886 பேரையும் வராத 6,438 பேரையும் ஒப்பிட்டார்கள். நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுதியாக இருந்தவர்களுக்கு நோய் மிகுதியாக வரவில்லை. இதைவிட நேரடியான சான்று 2023இல் வெளிவந்தது. அமெரிக்காவில், 45 முதல் 80 வயதுவரையுள்ள, டெஸ்டோஸ்டிரோன் 300க்குக் கீழே இருந்த, இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள ஏறத்தாழ 5,200 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஜெல்லும் கொடுத்தார்கள். டிராவர்ஸ் என்பது அந்த ஆய்வின் பெயர். மருந்து பூசிய 2,596 பேரில் 12 பேருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. வெற்று ஜெல் பூசிய 2,602 பேரில் 11 பேருக்கு வந்தது. வீரியம் மிகுந்த வகை என்று பார்த்தால், முறையே 5 பேர், 3 பேர். இந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடிய அளவினது.

இந்த ஆய்வைக் காட்டி "ஒன்றுமே ஆகாது" என்று சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டவர்கள்; புராஸ்டேட் சுரந்து இரத்தத்தில் கலக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு 3க்கு மேல் இருந்தவர்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். சராசரியாக அவர்களைக் கண்காணித்தது மூன்றாண்டுக்கும் சற்றுக் குறைவான காலம்தான். புராஸ்டேட் புற்றுநோயோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் மெல்ல வளரக்கூடியது. ஆகவே அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இவ்வளவுதான்: உண்மையிலேயே ஹார்மோன் குறைந்த ஒருவருக்கு, முறையாகப் பரிசோதித்து, இயல்பான அளவுக்கு மட்டும் கொடுத்து, தொடர்ந்து கவனித்து வந்தால், அடுத்த சில ஆண்டுகளில் அந்த மருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும்கூட அதில் கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் இரத்தக்கட்டு அடைத்துக்கொள்வதும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று மிகுதியாகக் காணப்பட்டன.

இந்த அச்சத்துக்கு நானே இரையாகியிருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். அந்தச் சுரப்பியின் கட்டளை இல்லாமல் விதைகள் வேலை செய்யமாட்டா. அவருடைய டெஸ்டோஸ்டிரோன் 40ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அவருடைய தந்தை புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர். நான் பயந்துபோய் ஊசி வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அவர் திரும்ப வந்தபோது வலக்கை மணிக்கட்டை இடக்கையால் ஏந்திப் பிடித்திருந்தார். குளியலறையில் வழுக்கியபோது கையை ஊன்றியிருக்கிறார். அவ்வளவுதான், எலும்பு நொறுங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் அந்த எலும்பு எழுபது வயது மூதாட்டியின் எலும்பைப் போல் மங்கித் தெரிந்தது. ஹார்மோன் இல்லாமல் எலும்பு கரைந்துகொண்டிருந்ததை, இல்லாத புற்றுநோய்க்குப் பயந்து நான் கவனிக்கத் தவறினேன். அதன் பிறகே இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த 212 என்ற எண்ணை எந்த நேரத்தில் எடுத்த இரத்தத்தில் கண்டார்கள் என்று முதலில் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். சாப்பிட்ட பிறகும் குறையும். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்த இரத்தத்தில் 300க்குக் கீழே இருந்து, கூடவே நீங்கள் சொல்லும் தொல்லைகளும் இருந்தால் மட்டுமே அதைக் குறைபாடு என்கிறோம். காய்ச்சலோ வேறு கடும் நோயோ இருக்கும் நாட்களில் எடுத்த பரிசோதனையை நம்பக் கூடாது. குறைவு உறுதியானால், பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச்., புரோலாக்டின் என்னும் ஹார்மோன்களையும் பார்த்து, கோளாறு விதையிலா பிட்யூட்டரியிலா என்று அறிய வேண்டும். உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிகளிடம், வயிற்றுக் கொழுப்பும் தூக்கத்தில் மூச்சுத் திணறும் குறட்டை நோயும் சேர்ந்தே இந்த ஹார்மோனைக் கீழே இழுத்துவிடுவது மிகச் சாதாரணம். எடை குறைந்தால் ஊசியே இல்லாமல் எண் ஏறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த உடலுக்கு அதுவே முதல் மருந்தாக இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்குப் பிறகும் ஊசி தேவை என்றால், தொடங்குவதற்கு முன் பி.எஸ்.ஏ. பரிசோதனையும், ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையும், ஹீமட்டோகிரிட் என்னும் இரத்த அடர்த்திப் பரிசோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும். விரல் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டுக் காசு கட்டாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. அது ஒரு நிமிட வேலை, வலியும் இல்லை. பி.எஸ்.ஏ. 4க்கு மேல் இருந்தாலோ, தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்து உங்கள் பி.எஸ்.ஏ. 3க்கு மேல் இருந்தாலோ, விரல் பரிசோதனையில் கட்டி தட்டுப்பட்டாலோ, முதலில் சிறுநீரியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். ஊசி அதற்குப் பிறகுதான். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும் கூடாது.

தொடங்கிய பிறகு, மூன்று மாதம் கழித்தும் ஓராண்டு முடிவிலும் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். முதல் சில மாதங்களில் அது சற்று ஏறும். வறண்ட வயலுக்கு நீர் பாய்ந்ததன் அடையாளம் அது, அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் ஓராண்டுக்குள் 1.4க்கு மேல் ஏறினால் மீண்டும் பரிசோதித்து உறுதிசெய்துகொண்டு நிபுணரிடம் போக வேண்டும். உறங்கிக்கொண்டிருந்த ஒரு புற்றுநோய் அப்படி வெளிப்படக்கூடும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஹீமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும். இன்னொன்று: மூன்று மாத ஊசியைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே உங்கள் வயதில், நினைத்த நாளில் நிறுத்தக்கூடிய ஜெல்லில் தொடங்குவதையே நான் விரும்புவேன். ஜெல் பூசிய தோள் பேரப்பிள்ளைகளின் மேல் படாமல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்து குழந்தையின் உடலிலும் ஏறிவிடும்.

என் மாமனாருக்கு 74 வயது. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பில் பரவிவிட்டது. விதைகளை அகற்ற வேண்டும் அல்லது மாதந்தோறும் ஊசி போட்டு டெஸ்டோஸ்டிரோனை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். அந்த ஹார்மோன் புற்றுநோயை உண்டாக்குவதில்லை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். உண்டாக்காத ஒன்றை எதற்காக நிறுத்த வேண்டும்? மாமா அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.
– வாசகி, கோயம்புத்தூர்

மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நோயைத் தொடங்கி வைப்பது வேறு, தொடங்கிவிட்ட நோய்க்குத் தீனியாக இருப்பது வேறு. புராஸ்டேட் செல் புற்றுச் செல்லாக மாறுவதற்கு வயது, மரபணுக் கோளாறு போன்ற பல காரணங்கள் உண்டு. மாறிய பிறகும் அது தன் தாய்ச் செல்லின் பழக்கத்தை விடுவதில்லை. உயிர் வாழக் கொஞ்சமாவது ஆண் ஹார்மோன் அதற்கு வேண்டும். அந்தக் கொஞ்சத்தையும் பறிப்பதே உங்கள் மாமனாருக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை. அதனால்தான் ஹார்மோனைக் குறைத்தால் மட்டும் போதாது, 50 நானோகிராமுக்கும் கீழே தள்ள வேண்டும். 400ஐ 250 ஆக்குவதால் புற்றுநோய்க்கு எந்தப் பட்டினியும் இல்லை; வயலில் ஈரமே இல்லாமல் செய்தால்தான் பயிர் வாடும்.

இரண்டு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் பலன் ஒன்றுதான். அறுவை சிகிச்சை ஒரே முறை, செலவு குறைவு, ஓரிரு நாளிலேயே ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஊசி என்றால் மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ வாழ்நாள் முழுதும் போட வேண்டும், செலவும் கூடும். லியூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் முதல் ஓரிரு வாரத்தில் டெஸ்டோஸ்டிரோனை இறக்குவதற்கு முன் ஒருமுறை ஏற்றிவிடும். எலும்பில் பரவிய நோயாளிக்கு அந்த ஏற்றம் வலியைக் கூட்டலாம். முதுகுத் தண்டையே நெருக்கிவிடலாம். ஆகவே ஊசிக்குச் சில நாட்களுக்கு முன்பே பைகாலுடமைடு போன்ற தடுப்பு மாத்திரையைத் தொடங்குவார்கள். தொடங்கினார்களா என்று தயங்காமல் கேளுங்கள். மாமனாருக்குத் திடீரெனக் கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, அது இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டிய அவசரம். விடியட்டும் என்று காத்திருந்தால் கால்கள் திரும்ப வராமலே போகலாம்.

அவர் மறுப்பதை அவசரப்பட்டுப் பிடிவாதம் என்று சொல்லிவிடாதீர்கள். எழுபத்து நான்கு வயதிலும் ஓர் ஆணுக்கு அது தன்னையே இழப்பதைப் போன்றது. மருமகளிடம் அவரால் அதைச் சொல்ல முடியாது. உங்கள் கணவரோ அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவரோ மருத்துவரோடு தனியே உட்காரட்டும். விதைப்பையை அப்படியே விட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. வெளித் தோற்றத்தில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. எதைத் தேர்ந்தாலும் உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பது, தசை மெலிவது, எலும்பு வலுவிழப்பது, சர்க்கரை ஏறுவது ஆகியவை வரக்கூடும். தினசரி நடையும், கால்சியமும், வைட்டமின் டி மாத்திரையும் அவருக்குச் சிகிச்சையின் பகுதியே. சில ஆண்டுகள் கழித்து, அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் சொற்ப ஹார்மோனைக் கொண்டே புற்றுநோய் பிழைக்கக் கற்றுக்கொள்ளும். அதையும் அடைப்பதற்கு அபிராட்டிரோன் போன்ற மாத்திரைகள் இப்போது உள்ளன. பரவிய நோய் என்று உறுதியானால், தொடக்கத்திலேயே இவற்றையும் சேர்த்துக் கொடுப்பது ஆயுளைக் கூட்டுகிறது என்பதால், அது பொருந்துமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு 63 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அன்று முதல் பி.எஸ்.ஏ. பூச்சியம் என்றே வருகிறது. இப்போது டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு என்கிறார்கள். எனக்கு ஊசி போடலாமா?
– வாசகர், திருநெல்வேலி

இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். இருந்தும், வீரியம் குறைந்த புற்றுநோய், சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்து முழுவதுமாக அகற்றப்பட்டு, ஓராண்டு ஈராண்டாவது பி.எஸ்.ஏ. தட்டுப்படாமல் இருப்பவர்களுக்கு, தொல்லை மிகுதியாக இருந்தால் எச்சரிக்கையோடு கொடுத்துப் பார்க்கலாம் என்ற நிலைக்குச் சிறுநீரியல் நிபுணர்கள் பலர் வந்திருக்கிறார்கள். அப்படிக் கொடுக்கப்பட்டவர்களிடம் நோய் திரும்புவது கூடவில்லை என்றே இதுவரை வெளிவந்த சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. குலுக்கல் முறையில் ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திய ஆய்வு எதுவும் இதற்கு இல்லை; ஆகவே இது சான்றின் பலத்தில் எடுக்கும் முடிவாக அல்லாமல், உங்கள் தொல்லையின் கடுமையையும் துணிவையும் வைத்து எடுக்கும் முடிவாகவே இருக்கும்.

அறுவை சிகிச்சையின்போது வந்த பயாப்சி அறிக்கையைத் தேடி எடுங்கள். புற்றின் வீரியத்தைக் குறிக்கும் கிளீசன் எண் 8க்குக் கீழே இருந்ததா, வெட்டிய விளிம்பில் புற்று இல்லை என்று எழுதியிருக்கிறதா, நிணநீர் முடிச்சுகள் சுத்தமா என்ற மூன்றும் அதில் இருக்கும். மூன்றும் சாதகமாக இருந்தால், உங்களை அறுவை செய்த நிபுணரின் ஒப்புதலோடு மட்டும் தொடங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். சுரப்பி இல்லாத உடலில் பி.எஸ்.ஏ. 0.2ஐத் தொட்டு, மறு பரிசோதனையிலும் அப்படியே இருந்தால், அது நோய் திரும்புவதன் அறிகுறி. அன்றே மருந்தை நிறுத்த வேண்டும். மூன்றில் ஒன்று பாதகமாக இருந்தாலும் நான் உங்களுக்கு ஊசி போடமாட்டேன்.

எனக்கு 29 வயது. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் சொன்னபடி எட்டு மாதமாக வாரம் ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். புராஸ்டேட் புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த தை மாதம் திருமணம்.
– பெயர் வேண்டாம், சென்னை

தம்பி, உங்கள் பயம் தவறான திசையில் இருக்கிறது. இருபத்தொன்பது வயதில் புராஸ்டேட் புற்றுநோய் மிக மிக அரிது. உங்களுக்கு வரக்கூடிய கேடு வேறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், இனி நமக்கு வேலை இல்லை என்று பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும், விதைகள் சுருங்கும், விந்தணு உற்பத்தி நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் போயிற்று. திருமணத்துக்காக உடலை வளர்க்கிறேன் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது கருத்தடை மருந்து.

மேல் பத்திகளில் நான் சொன்ன நம்பிக்கை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. குறைந்திருப்பதை இயல்புக்குக் கொண்டு வருவது சிகிச்சை. இயல்பாக இருப்பதை இரண்டு மூன்று மடங்காக்குவது சிகிச்சை அல்ல, அதைப் பற்றி எந்த ஆய்வும் உங்களுக்கு உறுதி தரவில்லை. இரத்தம் தடித்து மூளையிலோ இதயத்திலோ அடைத்துக்கொள்வதும், இதயத் தசை தடிப்பதும் இளைஞர்களிடமே காணப்படுகின்றன. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. சீட்டில்லாமல் கையில் கிடைக்கும் குப்பியில் என்ன இருக்கிறது என்று உங்கள் பயிற்சியாளருக்கும் தெரியாது. நாளமில்லாச் சுரப்பியியல் நிபுணர் ஒருவரை இந்த வாரமே பார்த்து, எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விந்தணுப் பரிசோதனை, பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எப்.எஸ்.எச்., ஹீமட்டோகிரிட் ஆகியவற்றைப் பார்ப்பார். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு விந்தணு திரும்பிவிடும். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நிறுத்திய புதிதில் மனம் மிகவும் சோர்ந்துபோகும். அதைத் தாங்காமல் மீண்டும் ஊசியைத் தேடிப் போகிறவர்கள் பலர். அதற்கும் மருத்துவ உதவி உண்டு என்பதால் தனியாகக் கிடந்து தவிக்காதீர்கள்.

எனக்கு 61 வயது. புராஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு ஆண்டுகளாக பினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். பி.எஸ்.ஏ. 2.4 என்று வந்தது. "4க்குக் கீழேதான் இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோன் தொடங்கலாம்" என்று ஓரிடத்தில் சொன்னார்கள். தொடங்கலாமா?
– வாசகர், மதுரை

தொடங்க வேண்டாம், இன்னும் முழுமையாகப் பரிசோதிக்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட்டுக்குள் சென்றதும், அங்குள்ள ஒரு நொதி அதைப் பல மடங்கு வீரியமுள்ள இன்னொரு வடிவமாக மாற்றுகிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை அந்த நொதியைத் தடுக்கிறது. அதனால் சுரப்பி சுருங்குகிறது, சிறுநீர் தடையின்றிப் போகிறது. கூடவே பி.எஸ்.ஏ. அளவும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. புற்றுநோய் இருந்தாலும் அந்த எண் அப்படியே பாதியாகத்தான் தெரியும். ஆகவே ஆறு மாதத்துக்கு மேல் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவரின் பி.எஸ்.ஏ. அளவை இரண்டால் பெருக்கியே படிக்க வேண்டும். உங்கள் 2.4 உண்மையில் 4.8, அது 4க்கு மேல். தலைமுடி உதிர்வுக்கென்று இதே மருந்தைக் குறைந்த அளவில் சாப்பிடுகிறவர்களுக்கும் பி.எஸ்.ஏ. இறங்கும்; அவர்களும் இதை மருத்துவரிடம் சொல்வதில்லை.

4.8 என்பதாலேயே உங்களுக்குப் புற்றுநோய் என்று பொருள் அல்ல. வீங்கிய புராஸ்டேட்டே அந்த அளவுக்குப் பி.எஸ்.ஏ. சுரக்கும். சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தாலும் ஏறும். சிறுநீரியல் நிபுணர் விரலால் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் ஐயம் இருந்தால் மட்டும் பயாப்சிக்குச் சொல்வார். அவரைப் பார்க்கப் போகும்போது பி.எஸ்.ஏ. அறிக்கையின் மேல் மூலையில் மாத்திரையின் பெயரையும், எத்தனை மில்லிகிராம் என்பதையும், தொடங்கிய மாதத்தையும் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகவும் வேண்டாம்.